வடக்குப் பக்கத் தோட்டம்

எங்கள் லண்டன் வீட்டின் பின்தோட்டம் வடக்குப் பக்கம் இருக்கிறது. இந்த ஒரு வசனத்தின் பொருள் எனக்கு முப்பது வயதுக்குப் பிறகுதான் விளங்கியது. அம்மா வாங்கும் கன்றுகள் ஏன் சாகின்றன என்பதற்கு அதுவரை வீட்டில் ஆளுக்கொரு காரணம் இருந்தது. அப்பா மண்ணைக் குற்றம் சொன்னார், அக்கா நத்தைகளை. தன்ரை கைராசி யாழ்ப்பாணத்தோடை போயிற்றுது என்பார் அம்மா.

ஐந்தாவது மல்லிகையும் செத்த பிறகு அப்பா முடிவெடுத்தார். "இதில ஒண்டும் வராது. முழுக்கக் கல்லுப் பதிச்சு விடுவம்." அம்மா மறுத்துப் பேசவில்லை. வெறும் பூச்சாடியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். அதைப் பார்த்துவிட்டுத்தான் நான் ஒரு வருடம் தவணை கேட்டேன்.

நான் படித்தது பொறியியல். செடிகளைப் பற்றி ஒன்றும் தெரியாது. அதனால் தெரிந்த வேலையைச் செய்தேன்: கணக்குப் பார்த்தேன். டிசம்பர் கடைசியில் லண்டனில் நடுப்பகல் சூரியன் அடிவானத்திலிருந்து 15 பாகைதான் மேலே வரும். 8 மீற்றர் உயரமான எங்கள் வீட்டின் நிழல் அப்போது 30 மீற்றர் நீளும். தோட்டமே 12 மீற்றர்தான்! ஜூனில் சூரியன் 62 பாகை ஏறும்போது நிழல் 4 மீற்றராகச் சுருங்கிவிடும். யாழ்ப்பாணத்தில் டிசம்பரிலும் சூரியன் 57 பாகை உயரத்தில் நிற்கும். உங்கடை கையில பிழையில்லை என்று அம்மாவிடம் இந்த எண்களைக் காட்டினேன். "அப்ப சூரியனிலதான் பிழை" என்றார்.

நிழலிலும் வகை உண்டு. எங்கள் சுவரோரம் மண் ஈரமாகவே கிடக்கிறது. பக்கத்து வீட்டுப் பெரிய மரத்தின் கீழே அதன் வேர்கள் தண்ணீரை உறிஞ்சிவிடுவதால் மண் காய்ந்து போயிருக்கிறது. கடையில் செடியோடு தொங்கும் அட்டையில் 'நிழலுக்கு ஏற்றது' என்று மட்டும்தான் போட்டிருக்கும். எந்த நிழலுக்கு என்பதை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

ஜூன் வெயில் கொஞ்சம் விழும் நடுப்பகுதிக்கு ஒரு சிறிய ஜப்பானிய மேப்பிள் மரம் வாங்கினேன். கடும் வெயிலும் காற்றும் பட்டால் அதன் இலை நுனி கருகும். அதனால் அரை நிழல் அதற்கு வசதி.

மரத்தடிக்கு ஒக்யூபா. பச்சை இலையில் மஞ்சள் பொட்டுகள். அம்மா கண்டவுடன், "இது எங்கடை வாசல் குரோட்டன் எல்லோ!" என்றார். குரோட்டன் இல்லை, ஜப்பானியச் செடி என்று நான் திருத்தப் போய், பிறகு விட்டுவிட்டேன். இதற்கு ஒரு நல்ல கதை உண்டு. 1783இல் இங்கிலாந்துக்கு வந்தது பெண் செடி மட்டும்தான். ஆண் செடி இல்லாமல் சிவப்புப் பழம் வராது. 1860களின் தொடக்கத்தில் ரொபேர்ட் ஃபோர்ச்சூன் ஜப்பானிலிருந்து ஆண் செடியைக் கொண்டுவரும் வரை, ஏறக்குறைய 80 வருடங்கள் அது இலையை மட்டுமே காட்டிக்கொண்டு நின்றது. நாங்கள் இரண்டையும் நட்டிருக்கிறோம். (பழத்தை வாயில் வைக்காதீர்கள், வயிற்றைப் புரட்டும்.)

வெயிலே படாத பின்கதவோரம்தான் கடினம். அங்கே முழங்கால் உயரத்தில் ஒரு ஸ்வீற் பொக்ஸ் வைத்தேன். பார்த்தால் சாதாரணப் பச்சைப் புதர். அப்பா அதன் விலையைக் கேட்டுத் தலையில் கை வைத்தார்.

ஜனவரியில் ஒரு மாலை, குப்பை போடப் போன அம்மா திரும்பி வரவில்லை. போய்ப் பார்த்தால், குளிர்ச் சட்டை கூட இல்லாமல் கதவோரம் குனிந்து நிற்கிறார். இலைகளுக்குள் நூல்நூலாக வெள்ளைப் பூக்கள். தேன் போன்ற வாசம்.

"மல்லிகை இல்லை" என்றார். கொஞ்சம் பொறுத்து, "இதை மாலையாக் கட்டவும் ஏலாது." ஆனால் ஒரு சிறு கிளையை ஒடித்துச் சாமிப் படத்துக்கு வைத்தார்.

அப்பா உள்ளேயிருந்து சத்தம் போட்டார். கல்லைப் பற்றி அல்ல. கதவைச் சாத்துங்கோ, குளிர் வருது என்று.