வெள்ளிக்கிழமை காலை எட்டு மணி

போன கோடை விடுமுறைக்குப் பேரன் வந்து ஒரு மாதம் எங்களோடு இருந்தான். அவனுக்குக் கார்ப் பந்தயம் என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். பழைய பந்தயங்களைக் கைபேசியில் போட்டுக்கொண்டு, பக்கத்தில் நாற்காலியில் இருக்கும் எனக்கு விளக்கமும் சொல்லுவான். எனக்கு அந்த இரைச்சலே ஆகாது. ஆனால் ஒரு நாள், "தாத்தா, இவர்தான் பெர்ன்ட் ஷ்னைடர். ஜெர்மனி டூரிங் கார் பந்தயத்துல அஞ்சு தடவை சாம்பியன். சார்லாண்ட்ல பொறந்தவர்" என்றான். அந்த ஊர்ப் பெயரைக் கேட்டதும் பேப்பரை மடித்து வைத்துவிட்டேன்.

பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எங்களுக்குச் சார் தெரிந்த இடம். வகுப்பில் தொங்கிய பழைய வரைபடத்தில் பிரான்சுக்கும் ஜெர்மனிக்கும் நடுவே தனி நிறத்தில் இருக்கும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரான்சின் பிடியில் இருந்த பகுதி அது. 1955-இல் வாக்கெடுப்பு நடந்து, 1957 ஜனவரி 1-ஆம் தேதி மேற்கு ஜெர்மனியோடு சேர்ந்தது. நம் புதுச்சேரி கைமாறியது 1954 நவம்பர் 1. அதனால் எங்கள் வாத்தியார் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லுவார். அந்தச் சார் மண்ணில், சாங்க்ட் இங்பெர்ட் என்ற ஊரில், 1964-இல் பிறந்தவர் இந்த ஷ்னைடர்.

"அஞ்சு தடவை சரி, அதுக்கு முன்னாடி என்ன செய்துகொண்டிருந்தார்?" என்று கேட்டேன். "ஃபார்முலா ஒன் ஓட்டினாரு தாத்தா, சரியா வரல" என்று ஒரே வரியில் முடித்துவிட்டான். வேலைக் காலம் முழுவதும் கோப்பு பார்த்தவன் நான். கடைசி உத்தரவை மட்டும் படித்துவிட்டுக் கட்டை மூடுகிற பழக்கம் எனக்கு இல்லை. பழைய பக்கங்களைத் தேடிப் படித்தேன்.

1987-இல் ஜெர்மன் ஃபார்முலா த்ரீ பட்டம் அவருக்குக் கிடைத்தது. மறு வருஷமே ஃபார்முலா ஒன். ஸாக்ஸ்பீட் என்ற ஜெர்மன் அணி அவரை எடுத்துக்கொண்டது. சொந்தமாக எஞ்சின் கட்டிய சிறிய அணி. அந்த வருஷம் 16 பந்தயங்களில் 10-இல் அவரால் தகுதிச் சுற்றைத் தாண்ட முடியவில்லை.

1989-ஆம் வருஷம் அதைவிட மோசம். அப்போது பந்தயத்துக்கு வந்த கார்கள் 39. ஓட இடமோ 26 பேருக்குத்தான். அதனால் புதிய அணிகளையும் முந்திய வருஷம் பின்தங்கிய அணிகளையும் வடிகட்ட ஒரு முன்தகுதிச் சுற்று வைத்தார்கள். வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு ஆரம்பித்து ஒன்பதுக்கு முடிந்துவிடும். 13 கார்களில் வேகமான நான்கு மட்டும் உள்ளே போகலாம். மற்ற ஒன்பது பேரும் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். பார்வையாளர்கள் வந்து உட்காருவதற்குள் அவர்கள் பாடு முடிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை பந்தயத்தில் அவர்கள் பெயரை ஒருவரும் சொல்ல மாட்டார்கள்.

அந்த வருஷம் முதல் பந்தயம் பிரேசிலில். ஷ்னைடர் உள்ளே போய்விட்டார். அங்கே இன்னொரு காரோடு மோதிப் பாதியில் நின்றது. அதன் பிறகு வரிசையாக 13 பந்தயங்களில் வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கே வெளியே. ஐரோப்பா, வட அமெரிக்கா என்று ஊர் ஊராகப் போய், ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டுத் திரும்பியிருக்கிறார். பதினைந்தாவது பந்தயம் ஜப்பானில். அதில் ஒருவழியாக இடம் கிடைத்தது. முதல் சுற்றிலேயே கியர் பெட்டி போய்விட்டது. கடைசிப் பந்தயம் ஆஸ்திரேலியா. மறுபடியும் வெள்ளிக்கிழமை, மறுபடியும் வெளியே.

இதைப் படித்துவிட்டு, ஆள் சரியில்லை என்று நானும் முடிவு கட்டியிருப்பேன். ஆனால் அதே அணியில் அதே யமஹா எஞ்சினோடு இன்னொருவர் ஓட்டினார். ஜப்பானியரான அகுரி சுசுகி. அவர் 16 பந்தயங்களில் ஒன்றில்கூட உள்ளே போகவில்லை. பதினாறும் பூஜ்யம். அடுத்த வருஷம் அவருக்கு வேறு அணியில் வேறு கார் கிடைத்தது. அதே 1990-இல் ஜப்பான் பந்தயத்தில் மூன்றாவதாக வந்து மேடை ஏறினார். ஒரு வருஷத்தில் ஆள் மாறிவிடவில்லை, கார்தான் மாறியது.

ஷ்னைடருக்கு ஃபார்முலா ஒன்றில் அப்படி ஒரு கார் வாய்க்கவில்லை. 1990-இல் வேறொருவருக்குப் பதிலாக ஓட்டிய ஒரு பந்தயத்தோடு அந்தக் கணக்கு முடிந்தது. பெயர் கொடுத்தது 34 முறை, ஓடியது 9 முறை, புள்ளி ஒன்றும் இல்லை.

பிறகு அவர் போனது டூரிங் கார் பந்தயத்துக்கு. வெளியே பார்த்தால் தெருவில் ஓடுகிற அதே குடும்பக் கார். உள்ளே எல்லாம் வேறு. உரசுவதும் இடிப்பதும் அங்கே சகஜம், பொறுமை இல்லாதவனுக்குக் கதவு நசுங்கும். ஃபார்முலா ஒன்னில் தோற்றவர்கள் ஒதுங்கும் இடம் என்று அதை இளக்காரமாகச் சொல்வோரும் உண்டு. 1992-இல் மெர்சிடிஸ் அணியில் சேர்ந்தார். 1995-இல் ஜெர்மன் பட்டம், அதே வருஷம் சர்வதேசத் தொடரின் பட்டம், இரண்டும் அவருக்கே.

இனி நிம்மதி என்று பார்த்தால், 1996 முடிவில் அந்தத் தொடரே மூடப்பட்டது. செலவு தாங்காமல் ஓப்பலும் ஆல்ஃபா ரோமியோவும் விலகிவிட்டன. சும்மா உட்காரவில்லை மனிதர். 1997-இல் ஜி.டி. பந்தயத்துக்குப் போய் அங்கேயும் பட்டம் வாங்கினார். 2000-இல் ஜெர்மன் தொடர் மறுபடி தொடங்கியபோது திரும்பி வந்து 2000, 2001, 2003, 2006 என்று நான்கு முறை வென்றார். கடைசிப் பட்டம் வாங்கும்போது வயது 42. 2008-இல் ஹொக்கன்ஹைமில் அந்தத் தொடரிலிருந்து விடைபெற்றார். நம் கணக்கில் பணி ஓய்வு. ஆனால் 2013-இல் துபாய், நுர்புர்க்ரிங், ஸ்பா ஆகிய மூன்று 24 மணி நேரப் பந்தயங்களிலும், ஆஸ்திரேலியாவின் பாதர்ஸ்ட் 12 மணி நேரப் பந்தயத்திலும் கூட்டாளிகளோடு வென்றார். அப்போது அவருக்கு ஐம்பது நெருங்கிக்கொண்டிருந்தது.

இவ்வளவும் படித்த பிறகும் என் மனம் அந்த 1989-ஐ விட்டு நகரவில்லை. காரணம் உண்டு.

அதே 1989-இல் என் மூத்த மகன் ப்ளஸ் டூ முடித்தான். மருத்துவப் படிப்புக்கு எழுதினான், இடம் கிடைக்கவில்லை. அன்று சாயங்காலம், வீட்டில் எல்லோரும் இருக்கும்போது, "ஒரு வாசல்ல திருப்பி அனுப்பினவனை எந்த வாசல்லயும் சேர்க்க மாட்டாங்க" என்று சொல்லிவிட்டேன். அவன் பதில் பேசவில்லை. தட்டில் இருந்ததைச் சாப்பிட்டு முடித்துவிட்டு எழுந்து போனான். பிறகு குளிர்சாதனப் பழுது பார்க்கும் வேலை கற்று, சொந்தமாகக் கடை வைத்து, இன்று எட்டுப் பேருக்குச் சம்பளம் கொடுக்கிறான். என் கண் அறுவை சிகிச்சைக்குப் பணம் கட்டியதும் அவன்தான். அந்தச் சாயங்காலத்தைப் பற்றி இருவரும் இதுவரை பேசியதில்லை. அவனிடம் என்ன குறை, அவனுக்குக் கிடைத்த காரில் என்ன குறை என்று நான் அன்று பிரித்துப் பார்க்கவில்லை. ஒன்பது மணி ஆனதும் முடிவு எழுதிவிட்டேன்.

விடுமுறை முடிந்து பேரனை அழைத்துப் போக மகன் வந்தான். காபி குடிக்கும்போது ஷ்னைடர் கதையை அவனிடம் சொன்னேன். வெள்ளிக்கிழமை காலை, பதின்மூன்று பந்தயம், சுசுகி எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எந்த வருஷம்ப்பா அது?" என்றான்.

"எண்பத்தொன்பது" என்றேன்.

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். பிறகு வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு, "போய்ட்டு வர்றேம்ப்பா, மாத்திரையை மறக்காதீங்க" என்று கிளம்பிவிட்டான்.

சொல்ல நினைத்ததை அன்றும் நான் சொல்லவில்லை. அவன் இந்தப் பக்கத்தைத் தவறாமல் படிக்கிறவன். அதனால் இங்கே எழுதுகிறேன்: நான் அன்று சொன்னது தப்பு, தம்பி.