ரூட் 66: பக்கத்து இருக்கை



ஓய்வுபெற்றவனுக்கு இரவில் தூக்கம் ஏது? பழைய கறுப்பு வெள்ளை அமெரிக்கத் தொடர் ஒன்றில் மாட்டிக்கொண்டேன். ‘ரூட் 66’. 1960 முதல் 1964 வரை சிபிஎஸ் தொலைக்காட்சியில் வந்தது.

அப்பா இறந்தபின் டாட் என்ற இளைஞனுக்கு மிஞ்சியது ஒரு கார்வெட் கார்தான். நண்பன் பஸ் (பேருந்து இல்லை, பையனின் பெயர்!) நியூயார்க்கில் வளர்ந்த அநாதை. இருவரும் கிளம்பிவிடுகிறார்கள். எங்கே என்று அவர்களுக்கே தெரியாது.

வெறும் ஊர்சுற்றல் என்று நினைக்காதீர்கள். போகிற ஊரில் வேலை பார்த்துத்தான் சாப்பாடு. லூசியானாவில் இறால் படகு, அப்புறம் கடலில் எண்ணெய்க் கிணறு. அந்தந்த ஊருக்கே போய்ப் படம் பிடித்ததால், அந்தக்கால அமெரிக்கத் தெருக்கள் அப்படியே இருக்கின்றன. பெயர்தான் 66, பல கதைகள் அந்தச் சாலைப் பக்கமே போகாது.

மூன்றாவது பருவத்தில் பஸ்ஸாக நடித்த ஜார்ஜ் மஹாரிஸ் கல்லீரல் அழற்சியால் படுத்துவிட்டார், பிறகு விலகியும்விட்டார். சில வாரங்கள் டாட் தனியாகவே ஓட்டுகிறான். அப்புறம் அந்த இருக்கையில் லிங்கன் கேஸ் என்று வேறொருவன். பஸ்ஸுக்கு விடைபெறும் காட்சியே கிடையாது. அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

முழுப்பரீட்சை லீவு முடிந்து வகுப்பைத் திறந்தால், இரண்டு மூன்று இடம் காலியாக இருக்கும். “வேலைக்குப் போயிட்டான் சார்” என்பார்கள். அவ்வளவுதான்.

அப்படிப் போனவர்கள் யாராவது இதைப் படித்தால், எந்த ஊர், என்ன வேலை என்று கீழே ஒரு வரி எழுதுங்கள்.