மறதியுற்ற எஞ்சின்

பேட்டரி மாற்றிய மறுநாள் முதல் என் கார் ஒவ்வொரு சிக்னலிலும் நடுங்கி அணைந்துபோனதும், அதைப் பார்த்த பெரிய சர்வீஸ் நிலையமொன்றில் த்ராட்டில் பாடியையே மாற்றியாக வேண்டுமென்று பல ஆயிரம் ரூபாய்க்குக் கணக்கெழுதிக் கொடுத்ததும், அந்தக் காகிதத்தைக் கண்டு மனம் பொறாத நண்பரொருவர் என்னைச் சென்னைப் புதுப்பேட்டைச் சந்திலுள்ள ஒரு மெக்கானிக்கிடம் அழைத்துச் சென்றதும் ஒரே வாரத்தில் நிகழ்ந்தவை.

அறுபது பிராயம் மதிக்கத்தக்க அந்தப் பெரியவரை எல்லோரும் 'பாய்' என்றே அழைத்தார்கள். பேட்டரி டெர்மினல்களை அசைத்துப் பார்த்து, காற்றுக்குழாய் எங்கேனும் விலகியிருக்கிறதா என்று விரலால் தடவியறிந்தபின், ஒரு நீண்ட ஸ்க்ரூ டிரைவரின் நுனியை ஒவ்வொரு இன்ஜெக்டர்மேலும் மாறிமாறி ஊன்றி, பிடியைக் காதோடு சேர்த்துக் கண்களை மூடிக்கொண்டார். நான்கும் ஒரே சீராகத் தட்டுகின்றன என்றார். பிடி தேய்ந்து மெழுகுபோல் வழவழத்திருந்த அந்த ஸ்க்ரூ டிரைவர், அவர் சிறுவனாக வேலைக்குச் சேர்ந்தபோது அம்பாஸடர் கார்புரேட்டரில் ஐடிலிங் வைக்கக் கற்றுக்கொடுத்த உஸ்தாத் தந்தது. 2000-ஆம் ஆண்டு ஏப்ரலில் புதிய புகைக் கட்டுப்பாட்டு விதிகள் நாடெங்கும் அமலுக்கு வந்து, புதிய கார்களில் கார்புரேட்டர் மறையத் தொடங்கியபோது, சகாக்கள் பலர் தொழிலை விட்டார்கள். இவரோ நாற்பதை நெருங்கும் வயதில் மறுபடியும் மாணாக்கரானார்.

"கெட்டுப்போகல சார், மறந்துடுச்சு" என்றார்.

எஞ்சினுக்குள் புகும் காற்றை மட்டுப்படுத்தும் த்ராட்டில் தகட்டின் ஓரத்தில் கரி படியப் படிய, அதனால் குறையும் காற்றை ஈடுசெய்யும்பொருட்டு எஞ்சினை ஆளும் கணினியான ஈசிஎம் அத்தகட்டைச் சிறிது சிறிதாகக் கூடுதலாகத் திறந்துவைக்கக் கற்றுக்கொள்கிறது. பல வண்டிகளில் அந்த ஞாபகம் பேட்டரியின் தயவில் நிற்பதாகையால், இணைப்பைக் கழற்றியதும் அது அழிந்து, தகடு பழைய அளவுக்கே திரும்புகிறது. கரியோ அங்கேயே இருக்கிறது. எஞ்சின் மூச்சுத் திணறுகிறது.

க்ளீனர் நனைத்த துணியால், தகட்டை வலிந்து தள்ளாமல், கரியை ஒற்றியெடுத்தார். ஸ்கேனரில் செய்தவை எனக்கு விளங்கவில்லை. பிறகு எஞ்சினைச் சூடேற்றி, ஏசியையும் விளக்குகளையும் அணைத்து, ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் காத்திருந்தோம். ஆயிரத்துக்கும் ஐந்நூற்றுக்கும் இடையே தத்தளித்த, எஞ்சினின் சுற்றுவேகம் காட்டும் முள், பத்து நிமிஷத்தில் எழுநூற்றைம்பதில் அடங்கிற்று. ஏசியைப் போட்டு மறுபடியும் அவ்வளவு நேரம் காத்திருக்கச் செய்தார்.

அவர் கேட்டது ஐந்நூறு ரூபாய். பெட்டியில் வரும் உதிரிப்பாகத்துக்கு வாய் திறவாமல் ஆயிரங்களை எண்ணிக் கொடுக்கிறோம். அந்தப் பாகமே வேண்டியதில்லை என்று கண்டறியும் ஞானத்துக்கு நூறு ரூபாய்க்குப் பேரம் பேசுகிறோம். பாகத்தை விற்பவனுக்குக் கமிஷன் உண்டு; விற்க வேண்டாமென்பவனுக்கு யார் தருவார்? ஆயுள் முழுதும் காதால் எஞ்சினைப் பயின்ற மனிதர் தகரக் கூரையின்கீழ் நிற்க, வேண்டாத பாகத்தைத் தலையில் கட்டுகிறவர்கள் குளிரூட்டிய அறையில் வீற்றிருப்பது அநீதி. அதற்குத் துணைநிற்பது நம்முடைய பணம்.

நான் கூடுதலாக வைத்த நோட்டுகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "அடுத்த தடவை பழைய பேட்டரிய கழட்டுறதுக்கு முன்னாடி, வேற பேட்டரில இருந்து கரண்ட் குடுத்துட்டு மாத்தச் சொல்லுங்க சார்" என்றவர், ஸ்க்ரூ டிரைவரைத் துடைத்தபடியே அடுத்த வண்டியை நோக்கி நடந்தார்.