மோட்டாரில் உலகப் பட்டம் வென்ற பெங்களூர்ப் பெண்

மோட்டார் என்றதும் நம் தோட்டப்புறத்தில் முதலில் நினைவுக்கு வருவது கப்சாய்தான். விடியலில் மரம் வெட்டப் போகவும், பிள்ளைகளைப் பள்ளியில் விடவும், மாலையில் ஜாசின் கடைத்தெருவுக்குச் சாமான் வாங்கப் போகவும் அதுவே துணை. அதே மோட்டாரை இரவில் பொதுச்சாலையில் பந்தயம் விட்டு, காலையோ உயிரையோ பறிகொடுத்த பையன்களையும் நாம் அறிவோம். என்னிடம் படித்தவர்களிலும் உண்டு. ஆகவே, பந்தயம் என்ற சொல்லைக் கேட்டாலே பெற்றோர் முகம் சுளிப்பதில் எனக்கு வியப்பில்லை. ஆனால், அதையே தொழிலாகக் கொண்டு முறையாகப் பழகி, உலகப் பட்டம் வென்ற ஒரு பெண்ணின் கதை வேறு விதமானது.

அவர் பெயர் ஐஸ்வர்யா பிஸ்ஸே. 1995-இல் பிறந்த பெங்களூர்ப் பெண். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வில் தவறியவர். தேர்வில் தவறிய பிள்ளைக்கு நம் ஊரில் என்னென்ன பட்டம் கிடைக்கும் என்பதை நான் எழுத வேண்டியதில்லை. வார இறுதியில் நண்பர்களோடு மோட்டார் ஓட்டிப் பழகிய அவர், பின்னர் பயிற்சி பெற்றுத் தேசியப் பட்டங்களை வென்றார். தமிழ்நாட்டு ஓசூரிலுள்ள டி.வி.எஸ். மோட்டார் நிறுவனத்தின் பந்தயக் குழு அவரைச் சேர்த்துக்கொண்டது. 1911-இல் டி.வி. சுந்தரம் ஐயங்கார் தொடங்கிய தொழில் குடும்பத்தைச் சேர்ந்த நிறுவனம் அது.

அவர் ஓட்டியது வட்டப் பாதையில் சுற்றிவரும் பந்தயமன்று. 'பாஹா' என்பார்கள். மணலும் கல்லும் நிறைந்த வெட்டவெளியில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓட வேண்டும். 2017-இல் அவருக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. உலோகத் தகடு வைத்துத் திருகாணி போட்டார்கள். மறு ஆண்டு ஸ்பெயின் நாட்டுப் பந்தயத்தில் விழுந்து கணையமே கிழிந்துபோனது. வீட்டில் நம் பெண்ணுக்கு இப்படி நேர்ந்தால் மோட்டாரை அன்றைக்கே விற்றிருப்போம். நானும் விற்றிருப்பேன்.

அவர் 2019-இல் உலகக் கிண்ணப் போட்டிக்குப் புறப்பட்டார். பெண்கள் பிரிவில் துபாயில் முதலிடம், போர்ச்சுகலில் மூன்றாமிடம், முன்பு விழுந்த அதே ஸ்பெயினில் ஐந்தாமிடம், ஆகஸ்டில் ஹங்கேரியில் நான்காமிடம். மொத்தம் 65 புள்ளிகள். இரண்டாவதாக வந்த போர்ச்சுகல் வீராங்கனை ரீத்தா வியேராவுக்கு 61. மோட்டார் விளையாட்டில் உலகப் பட்டம் வென்ற முதல் இந்தியர் அவரே. அப்போது வயது 23.

இச்செய்தியைப் பள்ளியில் சொன்னபோது, பிள்ளையை அழைத்துப்போக வந்திருந்த தகப்பனார் ஒருவர், "அதெல்லாம் சரிங்க சார், பொம்பளப் புள்ளைக்கு இது தேவையா?" என்றார். அவருடைய மனைவி தினமும் மோட்டாரில்தான் வேலைக்குப் போகிறார். அதைச் சொன்னதும் சிரித்துவிட்டார். ஆனாலும், "மகளுக்கு வேண்டாம் சார்" என்பதில் மாறவில்லை. அவர் பயம் பொய்யன்று. ஆனால், அந்தப் பயம் மகனுக்கும் சேர்த்து இருக்கக் கூடாதா? பதினாறு வயதாகாமல், லைசென்ஸ் இல்லாமல், தலைக்கவசமும் இல்லாமல் ஓட்டும் மகனை "ஆம்பளப் புள்ள" என்று விட்டுவிடுகிறோமே! 2016-இல் அர்ஜென்டினாவில் வென்று, உலக மோட்டார் போட்டியில் வெற்றி பெற்ற முதல் மலேசியர் ஆன கைருல் இடாம் பாவியும் பந்தயத் திடலில்தான் ஓட்டினார், நெடுஞ்சாலையில் அல்ல.

மறுநாள் அந்தப் புள்ளிகளையே ஐந்தாம் ஆண்டுக்குக் கணக்காகக் கொடுத்தேன். முதலிடத்துக்கு 25, மூன்றாமிடத்துக்கு 16, நான்காமிடத்துக்கு 13, ஐந்தாமிடத்துக்கு 11. கூட்டி முடித்ததும் ஒரு மாணவி எழுந்து, "சார், அந்தக்கா பயந்துகிட்டு ஸ்பெயினுக்குப் போகாம இருந்திருந்தா?" என்று கேட்டாள். நீயே பார் என்றேன். கரும்பலகையில் 65-இலிருந்து 11-ஐக் கழித்து, 54 என்று எழுதி, பக்கத்தில் 61-ஐயும் எழுதிவிட்டுப் போய் உட்கார்ந்தாள்.