நாலு பேக்கேஜ்

ஓய்வுக்குப் பிறகு பொழுது எப்படிப் போகிறது என்று கேட்பவர்களிடம், "பில்ட்ரூட்டில் நாலு பேக்கேஜைப் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லிப் பார்த்தேன். பாதிப் பேர் ஏதோ கூரியர் கம்பெனி என்று நினைத்துக்கொண்டார்கள். என் மச்சினன் மட்டும் விடவில்லை. "அதுல என்ன வருது அத்தான்?" என்றான். மெயில் வரும் என்றேன். சிரித்தான். உண்மையிலேயே மெயில்தான் வரும்.

வீட்டு வைஃபை ரூட்டர், டிவி பெட்டி, தொழிற்சாலையில் சுவரில் மாட்டியிருக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி, இவற்றில் பலவற்றுக்குள் ஒரு சின்ன லினக்ஸ் ஓடுகிறது. நம் லேப்டாப்பில் ஓடுவதை அப்படியே தூக்கி அதில் போட முடியாது. சில பெட்டிகளில் மொத்த இடமே 8 எம்பி, 16 எம்பிதான். பிராசஸரும் வேறு ஜாதி. ஆகவே லேப்டாப்பில் சமைத்துப் பெட்டிக்குப் பரிமாற வேண்டும். அதற்குத் தனிக் கம்பைலர், சி லைப்ரரி, கெர்னல், அப்புறம் நமக்கு வேண்டிய புரோகிராம்கள் என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சரியான வரிசையில் கட்டவேண்டும். கையால் செய்தால் வாரக்கணக்கில் போகும். நான் வேலையில் இருந்தபோது அப்படிச் செய்தும் இருக்கிறேன்.

பில்ட்ரூட் இந்த வேலையைச் செய்கிறது. யூசிலிப்சி என்ற குட்டி சி லைப்ரரியை எழுதியவர்கள், அதைச் சோதித்துப் பார்க்க 2001 வாக்கில் தங்களுக்கென்று செய்துகொண்ட கருவி. ரூட்டர் பிரியர்களுக்குத் தெரிந்த ஓபன்டபிள்யூஆர்டி-யும் தொடக்கத்தில் இதிலிருந்து கிளைத்ததுதான். 2009-ல் பீட்டர் கோர்ஸ்கார்ட் பொறுப்பேற்ற பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு வெளியீடு என்று ஒழுங்கு வந்தது: பிப்ரவரி, மே, ஆகஸ்ட், நவம்பர். மளிகை லிஸ்ட்டில் டிக் அடிப்பது போல வேண்டியதைத் தேர்ந்தெடுத்து 'மேக்' என்று அடித்தால், காபி குடித்துவிட்டு வருவதற்குள் (சரி, சில சமயம் சாப்பாடே முடிந்துவிடும்) பெட்டியில் ஏற்றத் தயாராக ஒரு கோப்பு கிடைக்கும்.

அந்த லிஸ்ட்டில் ஆயிரக்கணக்கான பேக்கேஜ்கள். ஒரு பேக்கேஜ் என்பது பெரும்பாலும் மூன்று சின்னக் கோப்புகள். எழுத அரை மணி நேரம் போதும். பார்த்துக்கொள்வதுதான் வருடக்கணக்கில் நீளும். டெவலப்பர்ஸ் என்று ஒரு கோப்பு உண்டு. எதை யார் கவனிக்கிறார் என்பது அதில் இருக்கும். இரவு பகலாகச் சில கணினிகள் குருட்டாம்போக்கில் ஏதேதோ சேர்க்கைகளைத் தேர்ந்தெடுத்துக் கட்டிப் பார்த்தபடியே இருக்கின்றன. தோற்றால், அந்தக் கோப்பில் பெயர் உள்ளவருக்கு மெயில் போகும். மெமரி மேனேஜ்மென்ட் யூனிட் இல்லாத ஒரு பிராசஸரில் 'ஃபோர்க்' இல்லை, அதனால் உன் பேக்கேஜ் கட்டவில்லை என்று வரும். எவன் சார் இதை அந்தப் பிராசஸரில் ஓட்டப்போகிறான் என்று ஆரம்பத்தில் எரிச்சல்படுவேன். சரிசெய்து அனுப்பிய பிறகு, "நன்றி, நான் ஓட்டுகிறேன்" என்று யாராவது ஒருவர் எழுதுவார்.

என் நாலில் ஒன்று, சீரியல் வயரில் கருவிகளோடு பேசும் ஒரு பழைய லைப்ரரி. எழுதியவர் எப்போதோ ஒதுங்கிவிட்டார். கம்பைலர் ஒதுங்குமா? 2020-ல் ஜிசிசி 10 வந்தபோது, ஒரே குளோபல் வேரியபிளை இரண்டு கோப்புகளில் வைத்திருந்ததை இனி ஏற்கமாட்டேன் என்றது. ஒரு பேட்ச் போட்டேன். 2024-ல் ஜிசிசி 14 வந்தது. முன்கூட்டி அறிவிக்காத ஃபங்ஷனைக் கூப்பிட்டால் அதுவரை எச்சரிக்கையோடு விட்டது, இப்போது பிழை என்று நிறுத்தியது. இன்னொரு பேட்ச். இப்படியே போனால் லைப்ரரியைவிட ஒட்டுத்துணி பெரிதாகிவிடும். எடுத்துவிடலாம் என்று எழுதினேன்.

எடுப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்த முறை. நீக்கிய பேக்கேஜின் பெயர் 'லெகசி' என்ற கோப்பில் நிற்கும். பழைய லிஸ்ட்டோடு ஒருவர் புதிய வெளியீட்டுக்கு வந்தால், 'இது போய்விட்டது, கவனி' என்று சொல்லி, அவர் கவனிக்கும்வரை கட்டவே கட்டாது. சத்தமில்லாமல் காலை வாருவதில்லை. நான் எழுதிய மூன்றாம் நாள் நெதர்லாந்திலிருந்து ஒருவர் எழுதினார். பசுமைக்குடில்களுக்கான பெட்டி செய்கிறாராம், எல்லாப் பெட்டியிலும் அந்த லைப்ரரி. கோபப்படவில்லை. எவ்வளவு அவகாசம் என்று மட்டும் கேட்டார். நீண்டநாள் ஆதரவுள்ள பிப்ரவரி வெளியீட்டில் அவர் நிற்கலாம், அதற்குள் அந்தப் பேக்கேஜைத் தன் சொந்தக் கோப்புறையில் வெளியே வைத்துக்கொள்ளலாம், பில்ட்ரூட் அதற்கு வழி தருகிறது என்று விளக்கினேன். என் பேட்ச்களையும் எடுத்துக்கொண்டு போனார். இப்போது நாலு மூன்றாகிவிட்டது. தலைப்பை மாற்ற மனம் வரவில்லை.

மீதி மூன்றையும் யாரிடமாவது கொடுத்துவிடலாம் என்றால் அதில்தான் சிக்கல். இடது கண்ணில் பார்வை மங்கிவிட்டது. திரை நேரத்தைக் குறைக்கச் சொல்லிவிட்டார் டாக்டர். ஆனால் 2024 மார்ச்சில் நடந்த எக்ஸ்இசட் விவகாரம் மனதை விட்டுப் போகவில்லை. ஏறக்குறைய எல்லா லினக்ஸிலும் உள்ள சுருக்கும் கருவி அது. அதை வருடக்கணக்காகத் தனியாளாகக் கவனித்துக் களைத்திருந்த ஒருவருக்கு, உதவி செய்கிறேன் என்று ஓர் ஆள் வந்தார். இரண்டு வருடத்துக்கு மேல் ஒழுங்காக வேலை செய்து நம்பிக்கை சம்பாதித்தார். பிறகு 5.6.0, 5.6.1 வெளியீடுகளில் பின்கதவு வைத்தார். எஸ்எஸ்ஹெச் லாகின் அரை நொடி தாமதமாகிறதே என்று ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் நோண்டிப் பார்த்ததால் வெளிப்பட்டது.

இதில் என்னை உலுக்கியது, கதவு திறந்த இடம் பில்ட் ஸ்கிரிப்ட் என்பது. எல்லோரும் பார்க்கும் மூலக் களஞ்சியத்தில் இல்லாத சில வரிகள், வெளியீட்டு டார் கோப்பில் மட்டும் இருந்தன. நாங்கள் ஒவ்வொரு டார் கோப்புக்கும் ஹாஷ் வைத்திருக்கிறோம், ஒரு பைட் மாறினாலும் நின்றுவிடும் என்று அதுவரை பெருமையாகச் சொல்வேன். நேற்று வந்ததும் இன்று வந்ததும் ஒன்றுதான் என்பதை மட்டுமே ஹாஷ் சொல்லும். விஷத்துக்கும் சரியான ஹாஷ் உண்டு.

அந்தக் களைத்துப்போனவரை என்னால் குறை சொல்ல முடியவில்லை. உதவிக்கு வருகிறேன் என்று ஒரு மெயில் வந்தால் எவ்வளவு ஆறுதலாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். எனக்கும் வந்திருக்கிறது. இளைஞர்போல் தெரிகிறது, முகம் பார்த்ததில்லை. இரண்டு மாதமாக அவர் அனுப்பும் பேட்ச்களை எழுத்தைப் பெரிதாக்கி வரி வரியாகப் படிக்கிறேன். புது வெளியீட்டின் டார் கோப்பைப் பிரித்துக் களஞ்சியத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தீர்களா என்று கேட்டேன். பார்த்து, இருந்த வித்தியாசங்களையெல்லாம் எழுதி அனுப்பினார். "என்னங்க, வேலைக்கு ஆள் எடுக்கிற மாதிரில்ல கேள்வி கேட்கிறீங்க, அந்தப் பிள்ளை ஓடிடப் போகுது" என்றாள் மனைவி. ஓடவில்லை. நேற்று, டெவலப்பர்ஸ் கோப்பில் தன் பெயரைச் சேர்த்து ஒரு பேட்ச் அனுப்பச் சொல்லி எழுதியிருக்கிறேன். என் பெயரை இப்போதைக்கு எடுப்பதாக இல்லை. தோல்வி மெயில் இருவருக்கும் வரட்டும்.