தாத்தாவின் கணக்கு நோட்டு

"தாத்தா, நம்ம குடும்பக் கதையை எழுதிக் குடுங்க" என்று பேத்தி கேட்டு ஆறு மாதம் ஆகிறது. அப்பாவுக்குப் புதுச்சேரியில் வேலை என்பதால் நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். எங்கள் சரித்திரப் பாடத்தில் பிரெஞ்சு ராஜாக்கள் வரிசையாக வந்தார்கள். அம்மாவின் ஊரான பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரர் ஒருவர்கூட வரவில்லை. அந்தக் குறையைத் தீர்க்கலாம் என்று உற்சாகமாக உட்கார்ந்தேன்.

ஆதாரமாக இருந்தது அம்மாவின் அப்பா எழுதிய கணக்கு நோட்டு. அவர் பாவும் பட்டும் கொடுத்துக் கூலிக்கு நெய்ய வைத்தவர். நடுவில் ஒரு வரி: "கோர்வைப் பையன், வயது 9, முன்பணம் ரூ. 40." அப்பன் வாங்கிய கடனுக்குப் பிள்ளை தறியில். கடன் தீர்ந்ததாக எந்தப் பக்கத்திலும் இல்லை. அந்த வரியை விட்டுவிட்டு எழுதினேன்.

பிறகுதான் ரூபி டேனியலின் புத்தகம் கைக்கு வந்தது. 1912இல் கொச்சி யூதக் குடும்பத்தில் பிறந்தவர். என்னைப் போல அரசாங்க உத்தியோகம், நீதிமன்றங்களில். 1951இல் இஸ்ரேலுக்குக் குடியேறினார். பாட்டியிடம் கேட்ட கதைகளும் தன் நினைவுகளும் சேர்ந்து 1995இல் புத்தகமாயின.

கொச்சி யூதர்களுக்குப் பெரிய ஆவணம் உண்டு. சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பாஸ்கர ரவிவர்மன் ஜோசப் ரப்பானுக்கு அளித்த செப்பேடு; நம் வட்டெழுத்தில் இருக்கிறது. பல்லக்கு, குடை, பகல் விளக்கு என்று உரிமைகளைச் சொல்லும். போர்த்துக்கீசியர் காலத்தில், 1568இல், மட்டாஞ்சேரியில் பரதேசி யூதர்கள் ஜெபாலயம் கட்டினார்கள். டச்சுக்காரர் காலத்தில் அவர்களில் பெரிய வணிகர்கள் இருந்தார்கள். இதெல்லாம் சரித்திரத்தில் ஏறிவிட்டது.

அந்த ஜெபாலயத்தில் அடிமை வழி வந்தவர்கள் என்று சிலரை ஒதுக்கி, முன்னறையில் உட்கார வைத்தார்கள். ரூபியின் குடும்பமும் அதில் ஒன்று. வழக்கறிஞர் ஏ.பி. சேலம் அங்கே சத்தியாகிரகம் செய்துதான் மாற்றம் வந்தது. முன்னறையில் உட்கார்ந்தவர்களின் மனசு எப்படி இருந்தது என்பதைச் செப்பேடு சொல்லாது. அந்த வீட்டுப் பெண் எழுதினால்தான் உண்டு.

எங்கள் வீட்டில் நாங்கள் உள்ளே உட்கார்ந்தவர்கள். அதனால்தான் அந்த வரியை எழுதக் கூச்சமாக இருந்திருக்கிறது. போன வாரம் அதைச் சேர்த்துவிட்டேன்.

படித்துவிட்டுப் பேத்தி ஒன்றே ஒன்று கேட்டாள்: "அந்தப் பையன் பேர் என்ன தாத்தா?"

நோட்டில் பெயர் இல்லை. எங்கள் தெருவில் அந்த நாளில் கோர்வை தள்ளியவர்களை யாருக்காவது தெரிந்திருந்தால் சொல்லுங்கள், எழுதிச் சேர்க்கிறேன்.