கூதிர்காலத்தில் ஒரு கடற்கரை

ஆங்கிலக் கவிஞர் கீட்ஸ் 1819-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில், வின்செஸ்டர் என்னும் ஊரில் தங்கியிருந்தபோது எழுதிய இலையுதிர்காலக் கவிதையை எங்கள் பேராசிரியர் ஒரு பிற்பகலில் நடத்திக்கொண்டிருந்தார். மேப்பிள் மரங்கள் முதலில் மஞ்சளாகிப் பின் நெருப்பு நிறம் கொள்ளும் அழகை அவர் விரித்துச் சொன்னபோது, கடைசிப் பெஞ்சில் இருந்த நண்பன் எழுந்து, “ஐயா, நம்ம திருநெல்வேலிக்கு அது எப்போ வரும்?” என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. பேராசிரியரும் சிரித்துவிட்டு, “மாசி, பங்குனியில் அரசமரத்தடியில் போய் நில், அங்கே குளிருக்கு உதிர்வது இங்கே வறட்சிக்கு உதிரும்” என்றார். பிறகு இன்னொன்றும் சொன்னார். பலரும் நினைப்பதுபோல் அந்தக் கவிதையில் சருகுகள் உதிர்ந்து கிடக்கவில்லையாம். கனிந்த பழமும் தேன் நிறைந்த கூடும் அறுத்த வயலுமே அதில் நிறைந்து கிடக்கின்றனவாம். வீட்டில் மறுபடி படித்துப் பார்த்தேன். உண்மைதான்.

அதற்கு மறுநாள் தமிழ் வகுப்பில் பெரும்பொழுதுகள் ஆறும் பாடமாக வந்தன. ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். ஆங்கிலேயனுக்கு இலை உதிரும் அதே மாதங்களில் நமக்கு மழை! நம் முன்னோர் அந்த மாதங்களுக்கு உதிர்தலை வைத்துப் பெயரிடவில்லை, கூதலை வைத்துப் பெயரிட்டார்கள். தேர்வுக்கு உதவும் என்று இதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். அவ்வளவுதான். அதன் பொருளை எனக்குக் காட்டியவர் எழுத்துக்கூட்டிப் படிக்கவும் தெரியாத என் ஆச்சி.

ஆச்சி பிறந்தது உடன்குடிக்கு அப்பால், தேரிக்காட்டின் ஓரத்தில் உள்ள ஒரு சிற்றூரில். வாக்கப்பட்டு வந்தது தாமிரபரணிக் கரையில், சிந்துபூந்துறையில். “ஐப்பசியில ஒருவாட்டி என்னய எங்க ஊருக்குக் கூட்டிட்டுப் போ எய்யா. மழை பெஞ்சா தேரியில பூ வந்து கிடக்கும், பாத்துட்டு வந்துருவோம்” என்று 2021-இல் கேட்டார். பதினொன்றாம் வகுப்புப் பாடம் இருந்தது. 2022-இல் கேட்டார். பொதுத்தேர்வு என்றேன். 2023-இல் கேட்டபோது கல்லூரியில் முதற்பருவத் தேர்வு. பூப் பார்க்க ஐம்பது அறுபது கிலோமீட்டர் போவார்களா என்று அம்மாவிடம் சொல்லிச் சிரித்ததும் நினைவிருக்கிறது.

அவருக்குக் கண் மங்கி வந்ததை நாங்கள் யாருமே அறியவில்லை. சாமி படத்துக்குச் செவ்வரளி வைக்கச் சொன்னால் வெள்ளரளி வைப்பார். வயதாகிவிட்டது, மறதி என்று நினைத்தோம். ரூபாய் நோட்டை விரல்களால் தடவித் தடவிப் பார்ப்பார். கஞ்சத்தனம் என்று கேலி செய்தோம். 2023 டிசம்பர் 17 இரவு வந்த வெள்ளத்தில்தான் உண்மை வெளிப்பட்டது. விடியுமுன் எழுந்து திண்ணைக்குப் போன ஆச்சி, முற்றம் முழுவதும் தண்ணீர் நிற்பது தெரியாமலே காலை இறக்கிவிட்டார். முழங்கால் அளவுத் தண்ணீர். நான் ஓடிப்போய்த் தூக்கியபோது, “தரை பளபளன்னு கிடந்துச்சு, கழுவி விட்டிருக்கியன்னு நெனச்சேன்” என்றார்.

இரு கண்ணிலும் புரை முற்றியிருந்தது. வீட்டைச் சீர்செய்த செலவெல்லாம் முடிந்து, 2024 ஆவணியில்தான் வலக்கண்ணுக்கு அறுவை செய்ய முடிந்தது. இடக்கண்ணைத் தைக்குப் பிறகு பார்க்கலாம் என்றார் மருத்துவர். கட்டுப் பிரித்து வீட்டுக்கு வந்த அன்று ஆச்சி கேட்ட முதல் கேள்வி: “சுவருக்கு எப்ப நீலம் போட்டு வெள்ளையடிச்சிய?” யாரும் புதிதாக அடிக்கவில்லை. வெள்ளம் வடிந்தபின் பொங்கலுக்கு அடித்த அதே சுண்ணாம்புதான். வயதாக ஆகக் கண்ணின் வில்லை மஞ்சளித்துப் பழுப்பாகிவிடும். நீல ஒளியை அது தடுத்துவிடும். அதை எடுத்துவிட்டுப் புதிய வில்லை வைத்ததும் நீலம் ஒரேயடியாக உள்ளே வரும் என்று மருத்துவமனையில் விளக்கினார்கள். எத்தனை ஆண்டுகளாக ஆச்சி இந்த உலகத்தைத் தேநீர்க் கறை படிந்த கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருந்தாரோ!

இந்த முறை அவர் கேட்கவில்லை. நானே கேட்டேன். தீபாவளிக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை, காலைத் திருச்செந்தூர் ரயிலில் புறப்பட்டோம்.

பாளையங்கோட்டை தாண்டியதும் வயல்கள் தொடங்கிவிட்டன. பிசானத்துக்கு நாற்றங்கால் பாவியிருந்தார்கள். நாற்றின் பச்சை வேறு, அதன் பின்னே வாழையின் பச்சை வேறு. தண்டவாளத்தின் இருபுறமும் ஆவாரை பூத்து நின்றது. ஆச்சி சன்னல் கம்பியைப் பிடித்தபடி ஒன்றும் பேசாமல் வந்தார். ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் வண்டி நின்றபோது பக்கத்தில் இருந்த பெரியவர், வெள்ளத்தின்போது எண்ணூறு பயணிகள் வரை இங்கேதான் வண்டியோடு சிக்கிக் கிடந்தார்கள் என்று தம் பேரனுக்குக் காட்டிக்கொண்டிருந்தார். காயல்பட்டினத்தில் அந்த ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பெய்தது என்பதைச் செய்தித்தாளில் படித்திருக்கிறேன். ஆவாரைக்கும் நாற்றுக்கும் நீர் ஊற்றுவதும் இந்த வடகிழக்குப் பருவமழைதான், எங்கள் வீட்டுச் சுவரை இடித்ததும் இதேதான். ஆச்சிக்கு இதில் வியப்பு ஏதும் இல்லை. “மழைன்னா அப்படித்தான்” என்று முடித்துக்கொண்டார்.

திருச்செந்தூரில் இறங்கிக் கோபுரத்தை நோக்கிக் கும்பிட்டுவிட்டு உடன்குடிப் பேருந்தில் ஏறினோம். ஊர் போய்ச் சேர்ந்தபோது மணி பத்து. இரண்டு நாள் முன்பு நல்ல மழை பெய்திருந்தது.

தேரியைப் பார்க்காத நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. அது செம்மணல் குன்றுகளால் ஆன காடு. மணல் ஒவ்வொன்றின் மேலும் இரும்புத் துரு பூசினாற்போல் படிந்திருப்பதால் அந்த நிறம். ஆனி, ஆடியில் மேல்காற்று அடிக்கும்போது மணல் இடம்விட்டு இடம் நகரும்; கண்ணைத் திறக்க முடியாது. ஐப்பசியில் காற்று ஓய்ந்து, மழை நனைத்து, அந்தச் சிவப்பு குங்குமத்தைக் குழைத்தாற்போல் அடர்ந்துவிடுகிறது. அதன் மேல் கரிய பனைகள். கொல்லாமரங்கள். குடை விரித்த உடை மரங்கள். மேப்பிள் காடு இல்லையே என்று ஏங்கிய என் நண்பனை அங்கே கொண்டுபோய் நிறுத்த வேண்டும்.

ஆச்சி செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். பத்தடி நடந்தவர் ஓர் உடைவேலி அருகே நின்று, “அது என்ன எய்யா, தீ மாதிரி?” என்றார். வேலி முழுவதும் செங்காந்தள். “கார்த்தியப் பூ” என்று அவரே பதிலும் சொல்லிக்கொண்டார். நம் மாநிலத்தின் மலர் என்று பொது அறிவுப் புத்தகத்தில் மனப்பாடம் செய்திருந்தேனே ஒழிய, கொடியில் கண்டது அன்றுதான். அதன் கிழங்கு நஞ்சு. “தொட்ட கையை வாயில வச்சிராத” என்று எச்சரித்துவிட்டுத்தான் அருகில் விட்டார்.

அந்தக் கொடியில் நான் கண்டதைச் சொல்ல வேண்டும். நுனியில் இருந்த மொட்டு இளம்பச்சை. அதை அடுத்துப் புதிதாக விரிந்த பூ பச்சை கலந்த மஞ்சள். அதற்கும் கீழே உள்ளதில் இதழின் அடி மஞ்சள், நுனி சிவப்பு. அதற்கு அடுத்தது முழுச் சிவப்பு. அடியில் இருந்தது கருஞ்சிவப்பாகி வாடத் தொடங்கியிருந்தது. பேராசிரியர் ஒரு மேப்பிள் இலைக்குச் சொன்ன நிறவரிசை முழுவதும் ஒரு முழக் கொடியில் மேலிருந்து கீழாக இருந்தது. அங்கே இலை செய்வதை இங்கே பூ செய்கிறது. அங்கே குளிரில் பச்சையம் அழிந்து நிறம் தெரிகிறது, இங்கே மழையில் கிழங்கு முளைத்து நிறம் எழுகிறது. இதை நான் ஆச்சியிடம் சொல்லத் தொடங்கி, எப்படிச் சொல்வதென்று தெரியாமல் விட்டுவிட்டேன்.

அவர் அதற்குள் குனிந்து தரையைப் பார்க்கத் தொடங்கியிருந்தார். நெருஞ்சியின் மஞ்சள், தும்பையின் வெள்ளை, சுடுகாட்டு மல்லி என்று அவர் சொன்ன நித்தியகல்யாணியின் இளஞ்சிவப்பு, எருக்கு. ஒவ்வொன்றாகப் பெயர் சொன்னார். நான்கைந்து பெயர்களுக்குப் பிறகுதான் குறிப்பேட்டை எடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் தொண்ணூற்றொன்பது பூக்களை அடுக்கியதை ஐந்து மதிப்பெண் வினாவுக்காகப் படித்திருக்கிறேன். காந்தளும் ஆவிரையும் அதில் உண்டு. தாவரத்தைக் காணாமலே தாவரப் பெயர் படித்தவன் நான். பத்து ஆண்டுகளாகச் சரியாகக் காணாதவர் அத்தனையையும் பெயரோடு வைத்திருந்தார். சில சிறு செடிகளுக்கு அவர் சொன்ன பெயர்களை ஊரில் இருந்த இளையவர்களிடம் கேட்டபோது அவர்களுக்கும் தெரியவில்லை.

அவர் சிறுவயதில் ஊஞ்சல் கட்டி ஆடிய புன்னை மரம் இல்லை. அந்த இடத்தில் மோட்டார் அறை இருந்தது. சற்று நேரம் நின்றார். பக்கத்தில் பூவரசு ஒன்று தழைத்து நின்றது. அதிலிருந்து மஞ்சள் பூ ஒன்றைப் பறித்து என் குறிப்பேட்டுக்குள் வைக்கச் சொன்னார்.

அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் மணப்பாடு. கடலுக்குள் நீண்ட மணற்குன்றின் மேல் 1581-இல் கட்டிய திருச்சிலுவை ஆலயம் வெள்ளையாக நிற்கிறது. புனித சவேரியார் 1542-இல் வந்து தங்கிய குகை அதன் கீழே. கோயில் வாசலில் ஒரு நிமிடம் நின்று கும்பிட்ட ஆச்சி, “சின்னதுல இங்கன திருநாளுக்கு வந்து அவல் வாங்கித் தின்னிருக்கேன்” என்று சொல்லிவிட்டு மணலில் இறங்கினார்.

அந்த மணல் வெறும் மணல் அன்று. ஒருபுறம் முள்ளுருண்டையாக இராவணன் மீசை. இன்னொருபுறம் அடும்பு. ஆட்டுக் குளம்புபோல் பிளந்த இலைகளோடு கயிறுபோல் ஓடிய கொடிகள் மேட்டையே பின்னிக் கட்டியிருந்தன. கணுவுக்குக் கணு வேர் விட்டு மணலை நகரவிடாமல் பிடித்திருந்தன. வெயில் ஏறினால் கூம்பிவிடும் பூக்கள் அன்று மேகமூட்டத்தால் நண்பகலிலும் விரிந்து கிடந்தன. ஊதா என்பதா, கத்தரிப்பூ நிறம் என்பதா! கடலின் ஓரம் வரை அதே நிறம்.

ஆச்சி அடும்பின் நடுவே உட்கார்ந்துவிட்டார். நெடுநேரம் கடலையே பார்த்தார். பிறகு வலக்கையால் வலக்கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். அப்புறம் இடக்கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். மறுபடி வலது. மறுபடி இடது. சிறுபிள்ளை விளையாட்டுப்போல் இருந்தது. அருகில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

“என்ன ஆச்சி?”

“இந்தப் புதுக்கண்ணுல கடல் நீலமா இருக்கு. பூவும் நீலம் கலந்து இருக்கு. இதுல பாத்தா” என்று இடக்கண்ணைத் தொட்டுக் காட்டி, “கடலே பழுத்துப் போய்க் கிடக்கு. பூவே இல்ல, வெறும் கொடிதான் இருக்கு” என்றார்.

எனக்குச் சட்டென்று தொண்டை அடைத்தது. கடந்த ஆண்டும் அதற்கு முந்திய ஆண்டும் நான் அவரை அழைத்து வந்திருந்தாலும், இரண்டு கண்ணிலும் அவர் கண்டிருக்கக்கூடியது அந்த வெறும் கொடியைத்தான். அது தெரிந்தேதான் கேட்டாரா?

“அப்போ நான் கூட்டிட்டு வந்திருந்தா உங்களுக்கு எதுவுமே தெரிஞ்சிருக்காதே ஆச்சி?”

“தெரியாதுதான். அதான் மொத்தமா மறையதுக்குள்ள ஒருவாட்டி வரணும்னு கேட்டேன்.”

அவர் இதைக் குறையாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு, ஓர் அடும்பம்பூவைக் கொடியிலிருந்து பறிக்காமலே விரலால் விரித்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். நான்தான் கடலைப் பார்க்க முடியாமல் குறிப்பேட்டைப் பிரித்து, எழுதியவற்றையே திரும்ப எழுதிக்கொண்டிருந்தேன்.

மாலை வண்டியில் நல்ல கூட்டம். குரும்பூர் வரை நின்றுகொண்டே வந்தோம். அங்கே ஒரு அம்மாள் எழுந்து ஆச்சிக்கு இடம் கொடுத்தார். வெளியே தூறல். குறிப்பேட்டைத் திறந்தபோது காலையில் மஞ்சளாக இருந்த பூவரசம்பூ செம்மை ஏறி, இதழ் ஒட்டிச் சுருண்டிருந்தது. காட்டினேன். “அது அப்படித்தான், பொழுது சாய்ஞ்சா செவந்துரும்” என்றார்.

செய்துங்கநல்லூர் வரும்போது கேட்டார்: “மத்தக் கண்ணுக்கு எப்பன்னு சொன்னாவ?”

“தைக்கு அப்புறம்.”

“தையிலயும் அடம்பு பூக்கும், ஆனா இம்புட்டு இருக்காது. கார்த்தியப்பூ சுத்தமா இருக்காது.” சற்று யோசித்தார். “அடுத்த ஐப்பசியில உனக்குப் பரீட்சை உண்டுமா?”

உண்டு, ஐந்தாம் பருவம். இல்லை என்று சொன்னேன்.